கொடிவழியும் களமும்: டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸின் வாழ்வில் உறவுமுறை ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

சமூகப் பண்பாட்டு மானிடவியலின் தலையாய ஆய்வுக்களங்களுள் ஒன்று உறவுமுறை. அக்களத்திற்குக் கொடிவழி முறை என்னும் களப்பணிக் கருவியை வகுத்தளித்தவர் ஆங்கிலேய மருத்துவரும் உளவியலாளருமான வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் ரிவர்ஸ் (1864-1922). நீலகிரித் தோடர்களிடையே அவர் நிகழ்த்திய ஆய்வும் திராவிட உறவுமுறைச் சொற்களுக்கு அவர் தந்த விளக்கமும் தமிழாய்வோடு நேரடித் தொடர்புடையவை. அவரது வாழ்க்கையைக் கால வரிசையில் தொகுத்துரைக்கும் இக்கட்டுரை, அவருடைய கோட்பாடுகள் கைவிடப்பட்ட பின்னரும் அவருடைய முறை நிலைத்ததற்கான காரணத்தை ஆராய்கிறது. அம்முறை எட்டாத இடம் ஒன்று தோடர் ஆய்விலேயே வெளிப்பட்டதையும், அங்கு மொழியறிவே குறையை நிரப்பியதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ரிவர்ஸ், கொடிவழி முறை, தோடர், உறவுமுறைச் சொற்கள், முறைமணம், களப்பணி

முன்னுரை

சமயம், சடங்கு, பொருளியல், அரசியல் முதலானவற்றை மானிடவியலார் மட்டுமன்றிப் பிற துறையினரும் ஆராய்ந்து வந்துள்ளனர். உறவுமுறையோ மானிடவியல் தனக்கே உரியதாக வளர்த்தெடுத்த களம். இக்களத்தின் தொடக்கத்திலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. அமெரிக்க அறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலில், வட அமெரிக்காவின் செனெகா இந்தியரின் உறவுமுறைச் சொற்களைத் தமிழ் உறவுமுறைச் சொற்களோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்த அமைப்பின என்று முடிவுகட்டினார். உலகின் பல பகுதிகளிலிருந்த சமயப்பணியாளர்களுக்கும் அலுவலர்களுக்கும் வினாப்பட்டியல் அனுப்பிப் பெற்ற சொற்கள் அவருடைய சான்றுகளுள் பெரும்பகுதியாக அமைந்தன.

மார்கனிடம் சொற்கள் இருந்தன. ஆனால் அச்சொற்களால் ஒருவரை ஒருவர் அழைத்துக்கொண்ட மனிதர்கள் அவருடைய அட்டவணைகளில் இல்லை. பெயரும் ஊரும் குலமும் உடைய மனிதர்களிலிருந்து தொடங்கி உறவுச் சொற்களைச் சென்றடையும் வழியை வகுத்தவர் ரிவர்ஸ். மருத்துவம், உடலியல், உளவியல், மானிடவியல் எனப் பல துறைகளில் இயங்கிய அவர் வாழ்வில் இம்முறை எவ்வாறு உருவாயிற்று, எங்குச் சோதிக்கப்பட்டது, எங்கே தவறியது என்பன இக்கட்டுரையின் வினாக்கள்.

பிறப்பும் கல்வியும்

ரிவர்ஸ் 1864ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் சாத்தம் நகரை அடுத்த லூட்டனில் பிறந்தார். தந்தையார் ஹென்றி ஃபிரெடரிக் ரிவர்ஸ் ஆங்கிலிக்கத் திருச்சபையின் குருவானவர். திக்குவாய்க் குறையைப் போக்கும் பயிற்சி அளிப்பதிலும் ஈடுபட்டவர். தாயார் எலிசபெத் ஹண்ட். தாயாரின் உடன்பிறந்தவரான ஜேம்ஸ் ஹண்ட் திக்குவாய் மருத்துவத்தில் பெயர் பெற்றவர். 1863ஆம் ஆண்டு இலண்டன் மானிடவியல் சங்கத்தை நிறுவியவரும் அவரே. மனித இனங்களிடையே பிறவியிலேயே ஏற்றத்தாழ்வு உண்டு என்று வாதிட்டவர்களுள் ஹண்ட் முன்னணியில் நின்றார். அவர் 1869இல் மறைந்தபோது ரிவர்ஸுக்கு ஐந்து வயது. பின்னாளில் தாய்மாமன் என்னும் உறவை மானிடவியலின் மையப்பொருள்களுள் ஒன்றாக்கியவரின் சொந்தத் தாய்மாமனே அத்துறையின் பழைய தலைமுறைக்குப் பிரதிநிதியாக இருந்தார் என்பது குறிக்கத்தக்கது. ரிவர்ஸின் களப்பணி முடிவுகள் அந்தத் தலைமுறையின் துணிபுகளிலிருந்து படிப்படியாக விலகிச் சென்றன.

திக்குவாய் மருத்துவர்களின் குடும்பத்தில் பிறந்த ரிவர்ஸுக்கும் திக்குவாய் இருந்தது. டன்பிரிட்ஜ் பள்ளியில் பயின்ற அவர் நச்சுக்காய்ச்சலால் கேம்பிரிட்ஜ் உதவித்தொகைத் தேர்வை எழுத இயலாமற்போயிற்று. ஆகவே இலண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் மருத்துவம் பயின்று 1886இல் பட்டம் பெற்றார். கப்பல் மருத்துவராகச் சிலகாலம் பணியாற்றி ஜப்பான், வட அமெரிக்கா ஆகிய இடங்களுக்குச் சென்றுவந்தார். பின்னர் இலண்டனின் நரம்பியல் மருத்துவமனையில் பணியாற்றியபோது நரம்பியல் அறிஞர் ஹென்றி ஹெட்டின் நட்பைப் பெற்றார். ஜெர்மனியின் யேனா நகரில் சிலகாலம் பயின்ற பின் அவருடைய நாட்டம் உளவியல்பால் திரும்பிற்று. 1893 முதல் கேம்பிரிட்ஜில் புலனுறுப்புகளின் உடலியலைக் கற்பித்தார். 1897இல் அங்குச் செய்முறை உளவியல் விரிவுரையாளரானார். பிரிட்டனில் உளவியலுக்கென முதன்முதல் அமைந்த ஆய்வுக்கூடங்கள் அவர் பொறுப்பில் இயங்கின.

டோரஸ் நீரிணைப் பயணம்

ரிவர்ஸின் வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது 1898ஆம் ஆண்டின் டோரஸ் நீரிணைப் பயணம். ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள தீவுகளில் ஏற்கெனவே ஆய்வு செய்திருந்த விலங்கியலார் ஆல்ஃபிரெட் கார்ட் ஹேடன் இப்பயணத்தைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஏற்பாடு செய்தார். ரிவர்ஸுடன் அவருடைய மாணவர்களான சார்லஸ் மயர்ஸ், வில்லியம் மக்டூகல் ஆகியோரும், மருத்துவர் சார்லஸ் செலிக்மன், மொழியறிஞர் சிட்னி ரே, ஆன்டனி வில்கின் ஆகியோரும் குழுவில் இருந்தனர். அறிவியலார் குழு ஒன்று ஆய்வுக்கூடக் கருவிகளோடு மக்களின் வாழிடத்திற்கே சென்று ஆராய்ந்தது அந்நாளில் புதுமை.

தொல்குடி மக்களுக்கு ஐரோப்பியரைவிட மிகக் கூர்மையான பார்வை உண்டு என்று பயணிகள் எழுதி வந்தனர். மெர், மபுயாக் ஆகிய தீவுகளின் மக்களை ரிவர்ஸ் சோதித்தபோது அத்தகைய வியத்தகு வேறுபாடு காணப்படவில்லை. கடலையும் காட்டையும் நுணுகிப் பார்க்கும் பழக்கமே அவர்களின் திறனுக்குக் காரணம் என்பது புலனாயிற்று. கோடுகளின் நீளத்தைப் பற்றிய மயக்கத் தோற்றம் ஒன்றிற்கு ஆங்கிலேயரைவிடத் தீவினர் குறைவாகவே ஆட்பட்டனர். எனினும் ரிவர்ஸ் அக்காலச் சிந்தனையிலிருந்து முழுமையாக விடுபடவில்லை. புலன்களின்மீது மிகுதியாகச் செலுத்தும் கவனம் உயர்சிந்தனையின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடும் என்னும் கருத்து அவருடைய அறிக்கையில் உண்டு. நீல நிறத்திற்குத் தனிச்சொல் இல்லாமையை அந்நிறத்தின்பால் கண்ணின் உணர்திறன் குறைந்திருப்பதோடு அவர் தொடர்புபடுத்தியதும் பின்னர் மறுக்கப்பட்டது.

புலன்திறன்கள் பரம்பரையாக வருவனவா என்பதை அறிய, சோதிக்கப்பட்டவர்களுள் யார் யாருக்கு என்ன உறவு என்பது தேவைப்பட்டது. அதற்காக ரிவர்ஸ் தீவினரின் கொடிவழிகளைத் திரட்டத் தொடங்கினார். மக்கள் தம் முன்னோரின் பெயர்களை மூன்று, நான்கு தலைமுறைகளுக்கு நினைவில் வைத்திருந்தனர். தனித்தனியே கேட்டபோதும் ஒருவர் கூற்றும் மற்றவர் கூற்றும் ஒத்திருந்தன. கண்பார்வைச் சோதனைக்குத் துணையாகத் தொடங்கிய இப்பட்டியல்களில் திருமணம், குடியிருப்பு, தத்தெடுப்பு, குலம் ஆகியவற்றின் ஒழுங்குகள் தெளிவாகப் புலப்பட்டன. பரம்பரை பற்றிய வினாவைவிட இவ்வொழுங்குகளே அவரை ஈர்த்தன. 1900ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரை கொடிவழி முறையை முதன்முதலாக அறிமுகப்படுத்தியது. 1910இல் வெளியான கட்டுரை அதனை விரிவாக விளக்கியது.

கொடிவழி முறையின் இயல்பு

இம்முறையில் ஆய்வாளர் தொடக்கத்தில் மிகச் சில உறவுச் சொற்களையே பயன்படுத்துகிறார். தந்தை, தாய், மகவு, கணவன், மனைவி என்பன அவை. பெரியப்பாவையும் சித்தப்பாவையும் தந்தை என்றே குறிக்கும் சமூகங்கள் பல இருப்பதால், தந்தை என்ற சொல்லால் தகவலாளி யாரைக் குறிக்கிறார் என்பது முதலில் உறுதிசெய்யப்படும். பெற்றோரின் பெயர், உடன்பிறந்தோரின் பெயர் பிறப்பு வரிசைப்படி, ஒவ்வொருவரின் குலமும் ஊரும், அவர் யாரை மணந்தார், மக்கள் யாவர் என்று பட்டியல் விரியும். பின்னர் அது தந்தையின் பெற்றோர், தாயின் பெற்றோர் என மேலேறும்.

பட்டியல் நிறைவுற்ற பின்னரே உறவுச் சொற்கள் கேட்கப்படுகின்றன. தாயின் உடன்பிறந்தவனை எவ்வாறு அழைப்பீர் என்று வினவினால், தகவலாளி தம் மொழியின் வகைப்பாட்டை வினவுபவரின் மொழிக்குள் அடக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு மாறாகப் பட்டியலில் உள்ள இருவரின் பெயரைச் சொல்லி, இவர் அவரை எவ்வாறு அழைப்பார் என்று கேட்டால் விடை நேரடியாகக் கிடைக்கும். பொதுமைக் கருத்தைத் தகவலாளி உருவாக்க வேண்டியதில்லை. அது ஆய்வாளரின் கடமை. திருமண விதி என்ன என்று கேளாமலேயே, நூறு திருமணங்களில் யார் யாரை மணந்தார் என்பதிலிருந்து விதியையும் விலக்கையும் காணலாம். விதியாகச் சொல்லப்படுவதும் வழக்கில் நிகழ்வதும் எங்கே பிரிகின்றன என்பதையும் அறியலாம். அறிந்த மனிதர்களைப் பற்றி அறிந்த செய்திகளையே கேட்கும் இந்த எளிமைதான் முறையின் வலிமை.

நீலகிரியில் ரிவர்ஸ்

தீவுகளில் கண்டறிந்த முறையை வேறொரு சமூகத்தில் சோதிக்க விரும்பிய ரிவர்ஸ், 1901ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நீலகிரிக்கு வந்து 1902 வரை சில மாதங்கள் தோடர்களிடையே ஆய்வு செய்தார். தோடர்கள் அப்போது ஏறத்தாழ 800 பேரே இருந்தனர். எருமை வளர்ப்பைத் தொழிலாகவும் வழிபாடாகவும் கொண்ட அம்மக்களைப் பற்றி ஐரோப்பியர் முன்னரே பலவாறு எழுதியிருந்தனர். அவற்றுள் வியப்பும் ஊகமும் மிகுதி. ரிவர்ஸின் வருகைக்குப் பின்னரே தோடச் சமூகம் முழுமையும் பெயர்வாரியாகப் பதிவாயிற்று.

தோடர் தார்தார், தெய்வலி என்னும் இரு பிரிவினராகவும், ஒவ்வொரு பிரிவும் பல குலங்களாகவும் அமைந்திருத்தல், மந்து எனப்படும் குடியிருப்புகள், எருமைகளின் தூய்மைப் படிநிலைக்கேற்பப் பால்மனைகளும் படிநிலை பெறுதல், பாலோல் என்னும் பால்மனைப் பூசகரின் கடும் நோன்புகள், இறந்தோருக்கு இருமுறை நிகழும் ஈமச் சடங்கு ஆகியவற்றை அவர் விரிவாகத் தொகுத்தார். 1906இல் வெளியான தோடர் பற்றிய அவரது நூலில் 72 கொடிவழி அட்டவணைகள் இணைக்கப்பட்டன. நூலாசிரியரின் விளக்கத்தை ஏற்காதவரும் அவருடைய சான்றுகளைத் தாமே சரிபார்க்க இவை இடமளித்தன. இனவரைவியல் நூலொன்று தன் தரவை இவ்வளவு வெளிப்படையாக வாசகர்முன் வைத்தது அந்நாளில் அரிது.

கொடிவழி திரட்டுவதில் நீலகிரியில் ஒரு தடை இருந்தது. இறந்த உறவினரின் பெயரை உச்சரிப்பது தோடரிடையே விலக்கப்பட்டது. முறையின் உயிர்நாடியே பெயராதலால், ஒரு குடும்பத்தின் முன்னோர் பெயர்களை அக்குடும்பத்தைச் சாராத பிறரிடமிருந்து பெற வேண்டியதாயிற்று. ஆய்வுத் தேவை ஒரு சமூகத்தின் விலக்கைச் சுற்றிக்கொண்டு சென்ற முதல் இடம் இது.

வில்லும் தந்தைமையும்

தோடர் ஆய்வில் ரிவர்ஸ் வெளிப்படுத்தியவற்றுள் கோட்பாட்டளவில் முதன்மையானது தந்தைமை பற்றிய செய்தி. உடன்பிறந்த ஆடவர் ஒரே பெண்ணை மனைவியாகக் கொள்ளும் வழக்கம் தோடரிடையே இருந்தது. பெண்ணின் முதற்சூலின் ஏழாம் மாதத்தில், காட்டில் ஒரு மரத்தடியில், மரத்தில் குடைந்த மாடத்தில் விளக்கேற்றி வைத்து, கணவருள் ஒருவர் அவளுக்கு வில்லும் அம்பும் அளிப்பார். பெரும்பாலும் மூத்தவரே அளிப்பார். அளித்தவரே பிறக்கும் குழந்தைக்குத் தந்தை. வேறொருவர் மீண்டும் இச்சடங்கைச் செய்யும்வரை அடுத்தடுத்துப் பிறக்கும் குழந்தைகளுக்கும் அவரே தந்தை. அவர் இறந்து ஆண்டுகள் பல கடந்த பின்னும், மற்றொருவர் வில் அளிக்காதவரை, பிறக்கும் குழந்தை அவர் பெயரையே தந்தைப் பெயராகக் கொள்ளும்.

குருதிவழியும் உறவுமுறையும் ஒன்றே என்னும் எண்ணத்தை இச்சடங்கு அசைத்தது. தந்தை என்பது சமூகம் வழங்கும் நிலை. அதை வழங்கும் செயல் சடங்கு. பரம்பரையாக வரும் உடற்கூறுகளைத் தேடிக் கொடிவழி திரட்டத் தொடங்கிய மருத்துவர், சமூகம் ஏற்றுக்கொண்ட பிணைப்பையே கொடிவழி காட்டுகிறது என்னும் முடிவுக்கு வந்து சேர்ந்தார். உறவுமுறையைச் சமூக ஏற்பின் அடிப்படையில் வரையறுக்கும் பிற்கால மானிடவியலுக்கு நீலகிரியின் இந்த வில் ஒரு முதன்மைச் சான்றாயிற்று.

தகவலாளிகளுக்கு நேர்ந்தது

ரிவர்ஸின் நூலில் குறுகிய இடமே பெற்றாலும் ஆய்வுலகம் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. அவர் நீலகிரியில் தங்கியிருந்த காலத்தின் இறுதிப் பகுதியில், அவருக்குத் துணை நின்ற தோடர் மூவருக்குத் துன்பங்கள் நேர்ந்தன. ஒருவர் நோயுற்றார். மற்றொருவர் மனைவியை இழந்தார். மூன்றாமவருடைய ஊரின் பால்மனை தீக்கிரையாயிற்று. புனிதமானவற்றை அயலாருக்கு வெளிப்படுத்தியதால் தெய்வங்கள் சினந்தன என்பது தோடரின் துணிபு. அதன் பின்னர் அவருக்குச் செய்தி கூற மக்கள் தயங்கினர்.

ரிவர்ஸ் இதனை மறைக்காமல் பதிவு செய்தார். எனினும் அவர் பெற்ற செய்திகள் நூலாயின. இழப்பு தோடரிடமே தங்கிவிட்டது. தகவலாளியின் நம்பிக்கையை ஆய்வாளர் ஏற்கிறாரா என்பது இங்கு வினாவன்று. அச்செய்திக்குத் தகவலாளி தம் சமூகத்திற்குள் என்ன விலை கொடுக்கிறார் என்பதே வினா. களப்பணி அறம் தனிப்பொருளாகப் பேசப்படுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே இவ்வினாவுக்கான சான்று நீலகிரியில் பதிவாகியிருக்கிறது.

மாமன் என்னும் சொல்லும் ஒரு விவாதமும்

தோடர் நூலை அடுத்து 1907இல் இந்தியாவில் நிலவும் முறைமணம் பற்றி ரிவர்ஸ் கட்டுரை ஒன்று வெளியிட்டார். மாமன் மகளையோ அத்தை மகளையோ மணக்கும் வழக்கே இங்கு முறைமணம் எனப்படுகிறது. தோடரிடையே மாமன் மக்களையும் அத்தை மக்களையும் குறிப்பதாக அவர் பதிவு செய்த மச்சுனி என்னும் சொல், தமிழின் மைத்துனன், மச்சினன் என்பவற்றோடு ஒலியாலும் பொருளாலும் நெருங்கி நிற்பது தமிழாய்வாளர்க்கு எளிதில் புலனாகும்.

1909ஆம் ஆண்டு அமெரிக்க மானிடவியலார் ஆல்ஃபிரெட் குரோபர், உறவுமுறைச் சொற்கள் மொழியையும் மனப்பாங்கையும் காட்டுவனவேயன்றிச் சமூக அமைப்பைக் காட்டுவன அல்ல என்று வாதிட்டார். அதற்கு மறுமொழியாக ரிவர்ஸ் 1913இல் இலண்டன் பொருளியல் பள்ளியில் உரைகள் நிகழ்த்தினார். அவை 1914இல் உறவுமுறையும் சமூக அமைப்பும் பற்றிய நூலாயின. அவர் வாதம் தமிழருக்கு விளக்க வேண்டாத அளவு தெளிவானது. ஒருவன் தன் தாயின் உடன்பிறந்தவர் மகளை மணந்தால், தாயின் உடன்பிறந்தவரே மனைவியின் தந்தையாகிறார். ஆகவே இருவருக்கும் மாமன் என்னும் ஒரே சொல் வழங்குவதில் வியப்பில்லை. தந்தையின் உடன்பிறந்தாள் மகளை மணந்தால் அத்தையே மாமியாராகிறாள். வட்டாரந்தோறும் அத்தை, மாமி எனச் சொற்கள் மாறினும் இணைப்பின் தருக்கம் மாறுவதில்லை. பீஜித் தீவுகளிலும் முறைமணம் உள்ளது. அங்கும் தாய்மாமனுக்கும் மாமனாருக்கும் ஒரே சொல் வழங்குகிறது. தமிழோடு தொடர்பற்ற மொழி ஒன்றிலும் இதே இணைப்பு காணப்படுவதால் காரணம் மணமுறையே என்று அவர் நிறுவினார்.

இவ்விளக்கத்தில் ஒரு குறை உண்டு. இன்றைய சொல்லிலிருந்து பழைய மணமுறையைத் தேடியெடுக்கும் போக்கு ரிவர்ஸிடம் மிகுதி. சொல்லை அவர் ஒரு புதைபடிவமாகவே கண்டார். 1953இல் லூயி துய்மோன் திராவிட உறவுமுறைச் சொற்களை ஆராய்ந்தபோது, மாமன் என்பதற்கு அடிப்படைப் பொருளே மணவுறவுதான் என்றும், அவ்வுறவு தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதே திராவிட முறையின் உட்பொருள் என்றும் விளக்கினார். இவ்வாறு விடை மாறினாலும், சொல்லும் மணமும் ஒன்றையொன்று விளக்கும் என்னும் ரிவர்ஸின் அடிப்படை நிலைத்தது.

மெலனீசியாவும் கோட்பாட்டு மாற்றமும்

1908இல் ரிவர்ஸ், ஆர்தர் மாரிஸ் ஹோக்கார்ட், ஜெரால்ட் வீலர் ஆகியோருடன் மெலனீசியாவுக்குச் சென்றார். சாலமன் தீவுகளுள் ஒன்றான சிம்போவில் அவரும் ஹோக்கார்ட்டும் மக்களோடு தங்கி ஆராய்ந்தனர். நியுயெத் தீவினர் நால்வருடன் அவர் மேற்கொண்ட படகுப் பயணம் ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. அவர்களுடைய உறவுமுறைகளை அவர் வினவி முடித்ததும், அவர்கள் அவரை வினவத் தொடங்கினர். ஒரு பொற்காசு கிடைத்தால் பெற்றோருடனும் உடன்பிறந்தோருடனும் பகிர்வாரா என்று கேட்டனர். விரும்பினால் பகிரலாம், பெரும்பாலும் அவ்வாறு செய்வதில்லை என்னும் அவர் விடை அவர்களை நெடுநேரம் சிரிக்க வைத்தது. அவர்களின் வழக்கம் ஐரோப்பியருக்கு எவ்வளவு வியப்போ அவ்வளவு வியப்பு ஐரோப்பியர் வழக்கம் அவர்களுக்கு என்பதை ரிவர்ஸ் பின்னர் எடுத்துரைத்தார்.

1911இல் பிரிட்டிஷ் அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் மானிடவியல் பிரிவுத் தலைவராக ஆற்றிய உரையில், சமூகங்கள் ஒரே படிநிலை வரிசையில் வளர்கின்றன என்னும் பரிணாமக் கோட்பாட்டிலிருந்து விலகி, மக்களின் இடப்பெயர்வாலும் கலப்பாலும் பண்பாடு பரவுகிறது என்னும் நிலைக்குத் தாம் மாறியதை அவர் வெளிப்படையாக அறிவித்தார். 1914இல் இரு தொகுதிகளாக வெளிவந்த மெலனீசியச் சமூக வரலாறு பற்றிய நூல் இம்மாற்றத்தின் விளைவு. முதல் தொகுதி தரவுகளைத் தந்தது. இரண்டாம் தொகுதி அவற்றிலிருந்து அடுத்தடுத்த குடியேற்றங்களை ஊகித்தது. இன்று பயன்படுவது முதல் தொகுதியே.

இதே காலத்தில், ஆய்வாளர் ஒரு சிறு சமூகத்தில் நெடுங்காலம் தங்கி, அம்மொழியைக் கற்று, வாழ்வின் எல்லாக் கூறுகளையும் ஆராய வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். தாம் முழுமையாகச் செய்யாத ஒன்றை அடுத்த தலைமுறைக்கு விதியாக வகுத்தார் எனலாம். அவ்விதியை டிரோபிரியாண்ட் தீவுகளில் மலினோவ்ஸ்கி நிறைவேற்றினார். கேம்பிரிட்ஜில் ரிவர்ஸின் மாணவரான ராட்கிளிஃப்-பிரௌன், ஊக வரலாற்றை ஒதுக்கிவிட்டு உறவுமுறை ஆய்வை மட்டும் ஆசிரியரிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

போர்க்கால மருத்துவம்

முதல் உலகப்போர் ரிவர்ஸை மீண்டும் மருத்துவராக்கியது. 1915இல் லிவர்பூல் அருகிலுள்ள மேகல் மருத்துவமனையிலும், 1916 முதல் எடின்பரோ அருகிலுள்ள கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையிலும் போர் அதிர்ச்சியால் மனம் சிதைந்த வீரர்களுக்கு மருத்துவம் செய்தார். போரை எதிர்த்து அறிக்கை வெளியிட்ட கவிஞர் சீக்ஃபிரீட் சசூன் 1917இல் அவரிடம் அனுப்பப்பட்டார். கொடிய நினைவுகளை அடக்கி மறக்குமாறு வீரர்களுக்கு அறிவுறுத்துவது அந்நாளைய வழக்கம். ரிவர்ஸோ அவர்களைப் பேசவிட்டுக் கேட்டார். நினைவை அடக்குவதே நோயை வளர்க்கிறது என்று 1918இல் எழுதினார். ஃபிராய்டின் நனவிலிக் கருத்தை அவர் ஏற்றார்; போர்நோய்க்குப் பாலுணர்வே மூலம் என்பதை ஏற்கவில்லை.

இக்காலப் பட்டறிவு அவருடைய மானிடவியலிலும் படிந்தது. மெலனீசியாவின் மக்கள்தொகைக் குறைவு பற்றி அவர் பதிப்பித்து 1922இல் வெளிவந்த நூலில், சிம்போ, வெல்லா லவெல்லா தீவுகளின் கொடிவழிகளைக் கொண்டு தலைமுறைதோறும் பிறப்பு குறைந்துவருவதைக் காட்டினார். நோய்களும் பிற புறக்காரணங்களும் மட்டும் இதை விளக்கவில்லை. ஆட்சியாளர் மக்களின் வழக்கங்களைத் தடைசெய்தபோது அவற்றோடு பிணைந்திருந்த சடங்கும் தொழிலும் விழாவும் சேர்ந்தே அழிந்தன. மக்கள் வாழ்வில் நாட்டம் இழந்தனர் என்பது அவர் முடிவு. உறவுமுறையைக் காட்டப் பயன்பட்ட கருவி இங்குக் காலனிய ஆட்சியின் விளைவைக் காட்டும் சான்றாயிற்று.

மறைவும் பின்வந்த திருத்தமும்

போருக்குப் பின் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிய ரிவர்ஸ், 1922ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகத் தொகுதியில் தொழிற்கட்சியின் நாடாளுமன்ற வேட்பாளராக நிற்க இசைந்தார். தேர்தலுக்கு முன்பே, அவ்வாண்டு ஜூன் 4ஆம் நாள் குடலிறக்கச் சிக்கலால் தம் 58ஆம் வயதில் மறைந்தார்.

அவருடைய தோடர் ஆய்வு பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் புதிய சோதனைக்கு உள்ளாயிற்று. மரே பார்ன்சன் எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, தோட மொழியையும் பிற நீலகிரி மொழிகளையும் ஆராய்ந்தார். தந்தைவழிக் குலங்களோடு தாய்வழிக் குலங்களும் தோடரிடையே உண்டு என்பதையும், மண விலக்கை இரண்டுமே வரையறுக்கின்றன என்பதையும் 1937இல் அவர் வெளியிட்டார். தாய்வழிக் குலத்தைக் குறிக்கும் சொல்லை ரிவர்ஸ் அறியாதவர் அல்லர். மணக்கக்கூடாத உறவினர் என்னும் பொருளில் அவர் நூலிலேயே அது புலியோல் என இடம்பெற்றுள்ளது. ஆனால் அச்சொல் ஒரு குல அமைப்பையே சுட்டுகிறது என்பதை அவர் உணரவில்லை.

இத்தவறு எதனால் நேர்ந்தது? 72 அட்டவணைகளிலும் ஒவ்வொருவரின் தாயும் தாயின் தாயும் பெயரோடு இருந்தனர். அட்டவணைகள் தந்தைவழிக் குலத்தின்படி வரிசைப்படுத்தப்பட்டதால் தாய்வழித் தொடர்ச்சி அட்டவணைக்கு அட்டவணை சிதறிப்போயிற்று. மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பெற்ற சொல்லுக்கு அயல்மொழியில் ஓர் இணைப்பொருள் கிடைத்ததும் தேடல் நின்றுவிட்டது. பெயர்களைக் கேட்கும் முறை, சொல்லின் பொருளைத் தகவலாளியின் மொழிக்குள்ளேயே நின்று அறியும் முயற்சிக்கு ஈடாகவில்லை. தோடர் மலையாள நாட்டிலிருந்து வந்தவர் என்னும் ரிவர்ஸின் ஊகத்திற்கும் இதே நிலை நேர்ந்தது. தோடமொழி கோத்தர்மொழிக்கு மிக நெருங்கியதும் தமிழ் உள்ளிட்ட தென் திராவிடக் குழுவைச் சார்ந்ததுமாகும் என மொழியியல் நிறுவிய பின், வழக்க ஒப்புமைகளை மட்டும் கொண்டு தோற்றத்தை முடிவுசெய்ய இயலாதென்பது தெளிவாயிற்று.

முடிவுரை

ரிவர்ஸ் ஏற்ற பரிணாமக் கோட்பாட்டை அவரே கைவிட்டார். அவர் ஏற்ற பரவல் கோட்பாட்டை அவருக்குப் பின்வந்தோர் கைவிட்டனர். கொடிவழி முறை மட்டும் எக்கோட்பாட்டோடும் அழியாமல் நின்றது. கேட்பவரின் கருத்தை விடையிற் கலக்க அது குறைந்த இடமே தருவதும், திரட்டிய தரவைப் பிறர் மீண்டும் ஆராயுமாறு விட்டுவைப்பதுமே அதற்குக் காரணம். ரிவர்ஸைத் திருத்துவதற்கான சான்றுகள் ரிவர்ஸின் அட்டவணைகளிலேயே இருந்தன.

தமிழ் உறவுமுறை பற்றிய ஆய்வுகளுக்கு இவ்வாழ்க்கை இரு தேவைகளை உணர்த்துகிறது. முதலாவது, மாமன், அத்தை, மைத்துனன், கொழுந்தன் முதலான சொற்களை வட்டார வழக்குகளாகத் திரட்டும்போது, பொருளை மட்டும் எழுதிக்கொள்ளாமல், யார் யாரை அவ்வாறு அழைக்கிறார், அவர்களிடையே நிகழ்ந்த மணங்கள் யாவை என்பதைக் கொடிவழியோடு பதிவு செய்தல் வேண்டும். மணமுறை மாறிவரும் காலத்தில் சொல் எவ்வளவு காலம் நிலைக்கிறது என்பதை அப்பதிவே காட்டும். இரண்டாவது, சொல்லின் பொருளை அதை வழங்குவோரின் மொழிக்குள்ளேயே தேடும் பயிற்சி தமிழ்த்துறைக்கு இயல்பாக வாய்த்தது. ரிவர்ஸ் தவறவிட்டதை எமனோ கண்டது அப்பயிற்சியால்தான். ஆகவே உறவுமுறை ஆய்வில் தமிழாய்வாளர் தரவு தருபவராக மட்டும் நிற்க வேண்டியதில்லை. முறையை வகுப்போருள் ஒருவராகவும் விளங்கலாம். அவ்வாறு களத்திற்குச் செல்வோர், தம் நூலுக்காகப் பெயர்களையும் மறைபொருள்களையும் தந்தவர்க்கு அதனால் என்ன நேர்கிறது என்பதையும் ஆய்வின் பகுதியாகவே கொள்ளல் வேண்டும்.